இ-பைக் மக்கர் பண்ணுதா? கடைக்குத் தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

பினாங்குல இப்ப எலக்ட்ரிக் சைக்கிள் வச்சிருக்கிற நம்ம ஆளுங்க கூடிக்கிட்டே போறாங்க, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு ஷிஃப்ட் போற தம்பிங்கள்லேர்ந்து காலையில குவீன்ஸ்பே கடலோரப் பாதையில ஓட்டுற ரிடையர் ஆன அங்கிள்மார் வரைக்கும். வண்டி நின்னுச்சுன்னா எல்லாரும் சொல்ற முதல் வார்த்தை ஒண்ணுதான், "மோட்டார் போச்சு". இல்லன்னா "கன்ட்ரோலர் போச்சு". இந்த ரெண்டும்தான் (கன்ட்ரோலர்னா மோட்டாருக்குப் போற கரண்ட அளந்து விடுற பெட்டி) விலை கூடின சாமான், ஆனா ரெண்டும் அவ்வளவு சீக்கிரம் போற சாமான் கிடையாது. பெரும்பாலும் கோளாறு ஒயர் சேர்ற இடத்துலயோ, பிரேக் பிடியிலயோ, பேட்டரி உக்கார்ற இடத்துலயோதான் இருக்கும். அதனால காசு செலவாகாத எடத்துலேர்ந்து பாக்க ஆரம்பிங்க.

கையில ஒரு மல்டிமீட்டர் இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஹார்ட்வேர் கடையில சில பத்து வெள்ளிக்கே கிடைக்கும். டிசி வோல்ட்ல வச்சு பேட்டரியோட பிளஸ் மைனஸ்ல தொட்டா போதும், ஆனா ரெண்டு முள்ளும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பாத்துக்குங்க, ஒட்டுச்சுன்னா பொறி பறக்கும். 36 வோல்ட் பேட்டரின்னா ஃபுல் சார்ஜுல 42 காட்டணும், 30, 31 வந்தா சுத்தமா காலி. 48 வோல்ட்டுன்னா ஃபுல்லுக்கு 54.6, காலியானா 39, 40 கிட்ட நிக்கும். இந்த நம்பர ஃபோன்ல எழுதி வச்சுக்குங்க, கீழ அடிக்கடி வரும்.

ஸ்விட்ச் போட்டா டிஸ்ப்ளேவே எரியல

முதல்ல பேட்டரிய கழட்டி திருப்பி மாட்டுங்க. சிரிக்காதீங்க, நிறைய வண்டி இதுலயே சரியாயிடும். ஃபிரேம் மேல சறுக்கி மாட்டுற பேட்டரின்னா அடியில செம்புத் தகடு மாதிரி கான்டாக்ட் இருக்கும், குண்டுகுழி ரோட்ல ஓட்டி ஓட்டி அது கொஞ்சம் விலகிடும், இல்லன்னா பச்சை பூத்துப் போயிருக்கும். பினாங்குல கடற்காத்து வேற, கர்னி டிரைவ், தஞ்சோங் தோக்கோங் பக்கம் கொண்டோவுல கீழ பார்க் பண்றவங்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சு பழைய டூத் பிரஷால தேச்சு, காஞ்சப்புறம் மாட்டுங்க.

சில பேட்டரியில தனியா ஒரு பட்டன் இருக்கும், சிலதுல சாவியே ஆன் பொசிஷனுக்குத் திருப்பணும், பூட்டு மட்டும் போட்டா பத்தாது. அப்புறம் ஃபியூஸ். பேட்டரி பக்கவாட்டுல ஒரு சின்ன ரப்பர் மூடிக்குள்ள இருக்கும், எல்லா பேட்டரியிலயும் வெளிய தெரியாது. போன ஃபியூஸுக்கு பதிலா அதே ஆம்ப் ஃபியூஸ்தான் போடணும், சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள் சுத்துறது, கம்பி வைக்கிறது எல்லாம் வேணாம், ஃபியூஸ் போனா போகட்டும், பேட்டரி எரியக்கூடாது.

மீட்டர்ல பேட்டரி சரியான வோல்ட் காட்டுது, டிஸ்ப்ளே மட்டும் இருட்டா இருக்குன்னா ஹேண்டில்பார்லேர்ந்து வர்ற ஒயர் கனெக்டர பாருங்க. உருண்டையா, ரெண்டு பக்கமும் அம்புக்குறி போட்ட தண்ணி புகாத கனெக்டர் அது. அம்பும் அம்பும் நேரா வச்சு, கோடு மறையிற வரைக்கும் அழுத்தணும். திருகாதீங்க, உள்ள இருக்கிற பின் மயிரிழை மாதிரி, வளைஞ்சா ஒயரையே மாத்தணும்.

மீட்டர்ல பூஜ்யம் காட்டுச்சுன்னா பிஎம்எஸ், அதாவது பேட்டரிக்குள்ள காவல் நிக்கிற போர்டு, வெளிய கரண்ட் விடாம அடைச்சிருக்கு. சார்ஜர ஒருதடவை குத்திப் பாருங்க, சிலது முழிச்சுக்கும். மாசக்கணக்கா சும்மா போட்டு வச்ச பேட்டரி முழிக்கலன்னா உள்ள செல் ரொம்ப கீழ இறங்கியிருக்கும், அத பிஎம்எஸ்ஸ தாண்டி நேரடியா வேற சார்ஜர் வச்சு எழுப்புறேன்னு யாராவது சொன்னா குடுக்காதீங்க. அளவுக்கு மீறி இறங்குன லித்தியம் செல்ல பலவந்தமா ஏத்துனா பின்னாடி ஒருநாள் தீ வைக்கும்.

டிஸ்ப்ளே எரியுது, ஆனா மோட்டார் அசையல

அசிஸ்ட் லெவல், அதாவது மோட்டார் எவ்வளவு உதவணும்னு டிஸ்ப்ளேல வைக்கிற நம்பர், 0ல இருக்கான்னு பாத்துட்டு மேல படிங்க.

அடுத்து பிரேக். இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. பிரேக் பிடிச்சா மோட்டார் உடனே நிக்கணும்னு பிடிக்குள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் வச்சிருக்காங்க. பிடி முழுசா திரும்பி வரலன்னா, வண்டி விழுந்து பிடி வளைஞ்சிருந்தா, கேபிள் துருப்பிடிச்சு இறுகியிருந்தா, கன்ட்ரோலர் "இவரு இன்னும் பிரேக் பிடிச்சுக்கிட்டுதான் இருக்காரு"ன்னு நெனச்சு மோட்டாருக்கு கரண்டே குடுக்காது. டிஸ்ப்ளேல பிரேக் அடையாளமோ பின்னாடி பிரேக் லைட்டோ சும்மாவே எரிஞ்சுக்கிட்டிருந்தா இதுதான் காரணம். ரெண்டு பிடியையும் கையால வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்க. அப்பவும் வரலன்னா பிரேக் சென்சார் ஒயர ஒண்ணு ஒண்ணா கழட்டிப் பாருங்க, பெரும்பாலான வண்டியில கழட்டுனா மோட்டார் ஓட ஆரம்பிக்கும், எந்தப் பக்கம் கழட்டுனப்ப ஓடுச்சோ அந்தப் பக்க ஸ்விட்ச்தான் ரோசாக் (பழுது). டெஸ்ட்டுக்கு மட்டும்தான் கழட்டச் சொல்றேன், பின் சக்கரத்த தூக்கிப் பிடிச்சுக்கிட்டு செய்யுங்க, அப்படியே விட்டுட்டு கொம்தார் டிராஃபிக்ல ஓட்டாதீங்க.

பிரேக் சுத்தமா இருக்கா, சரி, மோட்டார் கேபிள். ஹப் மோட்டார்னா, அதாவது சக்கரத்து நடுவுலயே மோட்டார் இருக்கிற வண்டின்னா, பின் சக்கரத்து அச்சு வழியா ஒரு தடி ஒயர் வரும், கொஞ்ச தூரத்துல ஒரு கனெக்டர். பஞ்ச்சர் ஒட்டிட்டு வந்ததுக்கு அப்புறம் மோட்டார் ஓடலன்னா வேற எதையும் பாக்கவே வேணாம், நேரா இங்க வாங்க, கடைக்காரர் கழட்டிட்டு பாதி அழுத்தி விட்டிருப்பார். இல்லன்னா அச்சு நட்டுல ஒயர் நசுங்கியிருக்கும்.

டிஸ்ப்ளேல நம்பர் வருது

எர்ரர் நம்பர் வந்தா கூகிள்ல "எர்ரர் 6"ன்னு மட்டும் தேடி முதல்ல வர்றத நம்பிடாதீங்க. பாஃபாங்னு ஒரு கம்பெனியோட மோட்டார் சிஸ்டத்துல 06னா பேட்டரி வோல்ட் கம்மி, அதே 06 கேடிங்கிற இன்னொரு கம்பெனி டிஸ்ப்ளேல வந்தா மோட்டாரோ கன்ட்ரோலரோ ஷார்ட். ஒண்ணு சார்ஜ் போட்டா தீர்ற விஷயம், இன்னொண்ணு பர்ஸ் காலியாகுற விஷயம். பாஃபாங்ல 21 ஸ்பீடு சென்சார், 08 மோட்டாருக்குள்ள இருக்கிற ஹால் சென்சார், 30 ஒயர் வழியா பேச்சுவார்த்தை அறுந்துபோச்சு, அதாவது ஏதோ ஒரு கனெக்டர். கேடியில ஹால் சென்சாருக்கு 03.

21 வந்தா பதறாதீங்க. நடு மோட்டார் வண்டியில, அதாவது மோட்டார் பெடல்கிட்ட இருக்கிற வண்டியில, பின் சக்கரத்து ஸ்போக்ல ஒரு குட்டி காந்தம் திருகியிருக்கும், எதிர்ல ஃபிரேம்ல சென்சார். காந்தம் சுத்தி நகர்ந்து போயிருக்கும், இல்ல வண்டி கழுவும்போது தட்டிவிட்டிருப்பீங்க. சென்சாருக்கு நேரா, உரசாம, சில மில்லிமீட்டர் இடைவெளியில வச்சு முறுக்குங்க, முடிஞ்சது.

மிதிச்சா வரல, த்ராட்டில் (கைப்பிடி ஆக்ஸிலரேட்டர்) திருப்புனா மட்டும் வருது

பெடல் சென்சார். கிராங்க் (பெடல் மாட்டியிருக்கிற கை) பக்கத்துல ஒரு வட்டத் தட்டுல சுத்திலும் காந்தம் பதிச்சிருக்கும், அதுக்கு எதிர்ல சென்சார். மண்ணு, செயின் எண்ணெய் அப்பிக்கிட்டாலோ, தட்டு சென்சார விட்டு தள்ளிப் போனாலோ படிக்காது. தொடச்சு கிட்ட கொண்டுவாங்க, உரசக்கூடாது. தலைகீழா, மிதிச்சா வருது த்ராட்டில் மட்டும் வரலன்னா த்ராட்டில் ஒயரத்தான் பாக்கணும், மழையில நனைஞ்ச வண்டின்னா முதல்ல ஒரு நாள் காய விடுங்க.

25 தொட்டதும் மோட்டார் விட்டுடுது

இது கோளாறே இல்ல. மலேசியாவுல எலக்ட்ரிக் சைக்கிள் சைக்கிளாவே இருக்கணும்னா மோட்டார் உதவி 25 கிலோமீட்டர் வேகத்தோட நிக்கணும், மோட்டார் 250 வாட்டுக்கு மேல போகக்கூடாது. அதுக்கு மேல காலாலதான் மிதிக்கணும். இத "அன்லாக்" பண்ணித் தர்றேன்னு கடை தவுக்கே (முதலாளி) சொல்வார், செட்டிங்ல ரெண்டு பட்டன்தான், ஆனா அப்புறம் ஜேபிஜே (ரோட் போக்குவரத்து இலாகா) பிடிச்சா அது சைக்கிள்னு வாதாட முடியாது, ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எங்கன்னு கேப்பாங்க. 2021 டிசம்பர்ல நின்னுக்கிட்டே ஓட்டுற இ-ஸ்கூட்டரையெல்லாம் ரோட்ல ஓட்டவே கூடாதுன்னு தடை போட்டதுலேர்ந்து சோதனை அப்பப்ப நடக்கத்தான் செய்யுது. வயசுப் பையன் வீட்ல இருந்தா இந்தப் பாராவ அவன்கிட்ட காட்டுங்க.

மோட்டார் உதறுது, கடகடன்னு துடிக்குது, ஆனா சுத்தல

இது கொஞ்சம் சீரியஸ், நிதானமா படிங்க. ஹப் மோட்டாருக்கு மூணு தடி ஒயரும், ஹால் சென்சாருக்கு மெல்லிசு ஒயரும் போகும். சக்கரம் இப்ப எந்த இடத்துல நிக்குதுன்னு ஹால் சென்சார்தான் கன்ட்ரோலருக்குச் சொல்லும். அதுல ஒண்ணு ஊமையாயிட்டாலும், மூணு தடி ஒயர்ல ஒண்ணு விட்டுப்போனாலும், மோட்டார் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம அங்கேயே உதறும். கையால சக்கரத்த கொஞ்சம் தள்ளிவிட்டா ஓட ஆரம்பிக்குதுன்னா ஹால் பக்கம் சந்தேகம் கூடுது. மறுபடியும் முதல் வேலை அந்த மோட்டார் கனெக்டர கழட்டி, பின் வளைஞ்சிருக்கா, உள்ள தண்ணி நிக்குதான்னு பாக்கறதுதான்.

கனெக்டர் சரியா இருந்தும் உதறுனா மீட்டர் கூட வேணாம், ஒரு சோதனை இருக்கு. பேட்டரிய கழட்டிடுங்க. சக்கரத்த பின்பக்கமா கையால சுத்துங்க. முன்பக்கமா இல்ல, ஏன்னா கியர் வச்ச ஹப் மோட்டார்ல முன்பக்கம் எப்பவும் லேசாத்தான் சுத்தும், உள்ள ஃப்ரீவீல் இருக்கு. பின்பக்கம் சுத்தும்போது விட்டு விட்டு இழுத்துப் பிடிக்கிற மாதிரி கனமா இருந்தா எங்கேயோ ஷார்ட். இப்ப மோட்டார் கனெக்டர கழட்டிட்டு மறுபடி சுத்துங்க. கனம் போயிடுச்சுன்னா கன்ட்ரோலர் உள்ள மாஸ்ஃபெட் (கரண்ட திறந்து மூடுற சின்ன பாகம்) எரிஞ்சிருக்கு. கழட்டுனப்புறமும் அதே கனம்னா தப்பு மோட்டார் பக்கம், அனேகமா அச்சுகிட்ட நசுங்குன ஒயர். கன்ட்ரோலர் போச்சுன்னு சொல்ற ஃபோர்மேன்கிட்ட, அதாவது மெக்கானிக்கிட்ட, இந்தச் சோதனைய செஞ்சு காட்டச் சொல்லுங்க, தெரிஞ்சவர் உடனே காட்டுவார், தெரியாதவர் முகம் மாறும்.

மேடு ஏறும்போது ஆஃப் ஆகிடுது

சமதரையில ஜம்முனு ஓடும், ஜாலான் துன் சார்டோன்ல பாலிக் பூலாவ் பக்கம் ஏறும்போதோ, ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு ரோட்லயோ பாதி வழியில எல்லாம் அணைஞ்சிடும், ஒரு நிமிஷம் கழிச்சு ஸ்விட்ச் போட்டா டிஸ்ப்ளேல பேட்டரி மூணு கட்டை காட்டும், பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். காரணம் இதுதான்: மேட்டுல மோட்டார் கரண்ட நிறைய இழுக்கும்போது பேட்டரி வோல்ட் சடார்னு இறங்கும், 36 வோல்ட் பேட்டரி 30 கிட்ட தொட்டதும் பிஎம்எஸ் கதவ சாத்திடும். இழுக்கிறத நிறுத்துனதும் வோல்ட் பழையபடி ஏறி நிக்கும். புது பேட்டரி கொஞ்சமாத்தான் இறங்கும், கிழடு தட்டுன பேட்டரி நிறைய இறங்கும். அதனால டிஸ்ப்ளே கட்டைய நிக்கும்போது பாக்காதீங்க, மேடு ஏறும்போது எவ்வளவு விழுதுன்னு பாருங்க, அதுதான் பேட்டரியோட உண்மையான வயசு.

உடனடி வைத்தியம், அசிஸ்ட்ட குறைச்சு, கியர சின்னதாக்கி, நீங்களும் மிதிங்க. ஹப் மோட்டார்காரங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஹப் மோட்டாருக்கு சைக்கிள் கியர் உதவாது, மெதுவா ஊர்ந்து ஏறுனா கரண்ட் எல்லாம் சூடாத்தான் மாறும், உள்ள இருக்கிற நைலான் கியர் இளகிப் பல்லு போயிடும். மோட்டார் சத்தம் மட்டும் வருது, சக்கரம் தள்ளலன்னா அந்தப் பல்லு போனதாத்தான் இருக்கும். மேட்டுப் பக்கம் குடியிருக்கிறவங்க வாங்கும்போதே நடு மோட்டார் வண்டி பாருங்கன்னு நான் சொல்வேன், விலை கூடத்தான், இருந்தாலும்.

முன்ன மாதிரி தூரம் போகல

36 வோல்ட் 10 ஆம்ப் அவர் பேட்டரின்னா ரெண்டையும் பெருக்குங்க, 360 வாட் அவர், அதுதான் பேட்டரி கொள்ளளவு. மிதிச்சுக்கிட்டே சுமாரான அசிஸ்ட்ல ஒரு கிலோமீட்டருக்கு 10 வாட் அவர் கிட்ட போகும், ஆக 36 கிலோமீட்டர். மிதிக்காம த்ராட்டில் மட்டும்னா 15க்கு மேல போயிடும், அப்ப 24கூட வராது. விளம்பரத்துல 80 கிலோமீட்டர்னு போட்டிருந்தா அது யாரோ ஒல்லியானவர் காத்தே இல்லாத நாள்ல லெவல் 1ல போனது.

பேட்டரிய குறை சொல்றதுக்கு முன்னாடி டயர் காத்து. டயர் பக்கச் சுவர்லயே எவ்வளவுன்னு அடிச்சிருக்கும். அப்புறம் சக்கரத்த தூக்கிச் சுத்தி பிரேக் உரசுதான்னு பாருங்க. ரெண்டும் சரின்னா ஃபுல் சார்ஜ் போட்டு மீட்டர் வையுங்க. சார்ஜர் பச்சை ஆயிடுச்சு, ஆனா 42க்கு பதிலா 41கூட தொடலன்னா செல் வரிசையில ஒண்ணு முந்துது, மத்தது பிந்துது, முந்துன செல் நிறைஞ்சதும் பிஎம்எஸ் எல்லாத்துக்கும் கதவ மூடிடுது. நீங்க வீட்ல முழிச்சிருக்கிற நேரத்துல பச்சை ஆனப்புறமும் சில மணி நேரம் சார்ஜர்லயே விட்டா சில பேட்டரி தானா சமன் பண்ணிக்கும். ரெண்டு மூணு வாட்டி செஞ்சும் ஏறலன்னா பேட்டரி ரிப்பேர் தெரிஞ்சவர்கிட்டதான் போகணும்.

சார்ஜே ஏறல

சுவர்ல மட்டும் குத்துனா சார்ஜர் லைட் பச்சை, பேட்டரியில குத்துனா சிவப்பு, இதுதான் முறை. லைட்டே இல்லன்னா மூணு பின் பிளக்குக்குள்ள இருக்கிற ஃபியூஸ மாத்திப் பாருங்க. காலி பேட்டரியில குத்தியும் பச்சையாவே நிக்குதுன்னா பேட்டரிய சார்ஜர் பாக்கவே இல்ல, சார்ஜர் முனைய மீட்டர்ல பாருங்க, 36க்கான சார்ஜர் 42 காட்டணும். ஆனா சில புத்திசாலி சார்ஜர் பேட்டரி சேராம வோல்ட்டே விடாது, அத வச்சு ரோசாக்னு முடிவு கட்டிடாதீங்க. வீட்ல ரெண்டு இ-பைக் இருக்கிறவங்க சார்ஜர் மேல பெயிண்ட்டால பெருசா 36, 48னு எழுதிடுங்க, முனை ஒரே மாதிரி இருக்கும், 48 சார்ஜர 36ல குத்துறதுதான் இருக்கிறதுலயே ஆபத்தான தப்பு.

ஃப்ளாட்ல இருக்கிறவங்க வாசல்கிட்ட சார்ஜ் போடாதீங்க, ஏதாவது ஆச்சுன்னா வெளிய ஓட வேண்டிய வழியே அதுதான். மெத்தை, சோஃபா பக்கம் வேணாம், தூங்கும்போது வேணாம், வெயில்ல ஓட்டி வந்த சூட்டோட வேணாம். பேட்டரி உப்பிடுச்சு, இனிப்பா மருந்து மாதிரி வாடை வருது, சீறுற சத்தம் கேக்குது, சும்மா இருக்கும்போதே சுடுது, இதுல ஒண்ணு இருந்தாலும் மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க. வாடையும் உப்பலும் மட்டும்னா வெளிய திறந்த இடத்துல வைக்கலாம். சீறுது, சுடுது, இல்ல புகை வந்துடுச்சுன்னா தொடாதீங்க, எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போய் 999 அடிங்க, பொம்பா (தீயணைப்புப் படை) வரட்டும்.

மழையில ஓட்டுனதுலேர்ந்து ஒருமாதிரி இருக்கு

ஐபிஎக்ஸ்4னு போட்டிருந்தா தண்ணி தெறிச்சா தாங்கும்னு அர்த்தம், முங்குனா தாங்கும்னு இல்ல. தூறல்ல ஓட்டலாம். லோங்காங் (சாக்கடை) நிறைஞ்சு ரோட்ல வெள்ளம் நிக்கும்போது சக்கரத்து அச்சு முங்குற ஆழத்துல இறங்காதீங்க, கேஎல்ல மதியத்துக்கு மேல கொட்டுற மழையில இது ரொம்ப நடக்கும். அச்சு வழியா தண்ணி ஹப்புக்குள்ள போனா உடனே தெரியாது, சில வாரம் கழிச்சு பேரிங் கரகரக்கும். நனைஞ்ச வண்டிய ஸ்விட்ச் போட்டுப் போட்டு சோதிக்காம, பேட்டரிய கழட்டி தனியா தொடச்சு, கனெக்டர் எல்லாம் பிரிச்சு நிழல்ல காத்தோட்டமா வையுங்க. கார் வாஷ் பிரஷர் பம்ப்பு பக்கம் கொண்டே போகாதீங்க.

பிரேக் கீச்சுடுது, ஸ்போக் உடையுது

டிஸ்க் கீச்சுனா டபிள்யூடி-40 அடிக்கிறவங்க இருக்காங்க, சத்தம் நிக்கும், பிரேக்கும் நிக்கும், பிடிக்கவே பிடிக்காது. ஆல்கஹால் வச்சு டிஸ்க்க தொடைங்க, பிரேக் பேட்ல எண்ணெய் ஊறியிருந்தா மாத்திடுங்க. பின் ஸ்போக் அடிக்கடி உடைஞ்சா உடைஞ்சத மட்டும் மாத்தாம எல்லாத்தையும் இறுக்கம் பாத்து முறுக்கித் தரச் சொல்லுங்க, ஹப் மோட்டார் கனத்துக்கு தொளதொளன்னு இருக்கிற ஸ்போக் நிக்காது.

கடைக்குத்தான் போகணும்னு ஆகிட்டா, எர்ரர் நம்பரோட டிஸ்ப்ளேவ ஒரு படம் பிடிச்சுக்குங்க, ஃபுல் சார்ஜ்ல எத்தனை வோல்ட் இருந்துச்சு, மேட்டுல நின்னுச்சா மழையிலயா, இதெல்லாம் எழுதிக் குடுங்க. வாரண்டி இருக்கிற பேட்டரி சீல யாரையும் பிரிக்க விடாதீங்க. எதையாவது மாத்துனா பழைய சாமான கையில வாங்கிட்டு வாங்க, பழைய பேட்டரிய மட்டும் கடையிலயே விட்டுடுங்க, குப்பைத் தொட்டியில போடுற சாமான் இல்ல அது.